பிலாவுக்குச் சட்டமில்லை

முதல் மழை பெய்த மறுநாள் காலையில் மைனி வீட்டைச் சுற்றியிருக்கும் விளைக்குள் குனிந்து நடந்துகொண்டிருப்பாள். முந்தியை இடுப்பில் செருகியிருப்பாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் களை பறிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் புல்லை அவள் தொடுவதில்லை. ஈரமண்ணில் இரண்டிலை விட்டு நிற்கும் தேக்கங்கன்றையும் ஈட்டிக் கன்றையும் மட்டுமே தேடுவாள். கண்ணில் பட்டதும் வேரோடு இழுத்து, மண்ணை உதறி, இடது கையில் சேர்த்துக்கொள்வாள். கை நிறைந்ததும் நெல் அவிக்கிற அடுப்பில் கொண்டுபோய்ப் போடுவாள். பச்சைக் கன்றுகள் சீறிக்கொண்டு கருகும். அவை முழுவதும் கருகும்வரை அடுப்பருகிலேயே நின்றுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

மைனி என்பது எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அழைக்கும் சொல். கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் அந்தப் பெருமழைக்கு மறுவருஷம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆங்கிலக் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. எங்கள் வீடு திருவட்டாற்றுக்கு வடக்கே, செம்மண் சரிவில் இருந்தது. அப்பா அம்மா இருவரும் காலமாகியிருந்தார்கள். பாகம் பிரித்தபோது வீடும் விளையும் அண்ணனுக்கும், ஆற்றோரத்து வயல் எனக்கும் வந்திருந்தன. நான் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தக்கலையில் ஒரு மலைச்சரக்குக் கடையில் மிளகும் பாக்கும் எடை பார்க்கும் வேலையில் இருந்தேன். சனிக்கிழமை மாலையில் வீட்டுக்கு வருவேன், திங்கட்கிழமை விடியும்போது திரும்பிப் போவேன். எனக்காக ஞாயிற்றுக்கிழமை உச்சைக்கு மீன்கறி வைக்க வேண்டும் என்பதை மைனி ஒருநாளும் மறந்ததில்லை.

அவள் கன்று பிடுங்குவதற்கு என்ன காரணம் என்று நான் ஒருமுறை கேட்டேன். கையிலிருந்த கன்றுகளைத் தரையில் வைத்துவிட்டு, "எனக்க வீட்டுக்கு வாசக்கதவு இல்லாம இருந்தது, தம்பி," என்றாள்.

அவள் பிறந்த வீடு திற்பரப்புக்கும் மேலே, காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில். அன்று எங்கள் பகுதி முழுவதும் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. தேக்கு, ஈட்டி, சந்தனம் முதலிய சில மரங்கள் எவன் நிலத்தில் முளைத்தாலும் அவை ராஜாவுக்குச் சொந்தம். ராஜமரம் என்றே அவற்றுக்குப் பெயர். வரி கட்டுகிறவன் நிலத்துக்காரன், வேலி போடுகிறவன் நிலத்துக்காரன், மரத்தை ஆடு மாடு கடிக்காமல் பார்க்க வேண்டியவனும் அவன்தான். ஆனால் ஒரு கொம்பை ஒடிக்க வேண்டுமென்றாலும் சர்க்காரிடம் போக வேண்டும். மைனியின் அப்பா இதைத் தெரியாதவர் அல்ல. ஆனால் மழையில் சாய்ந்து விழுந்த தேக்கைத் தன்னுடையது என்று எண்ணிவிட்டார். ஆசாரியைக் கூப்பிட்டு, புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நிலையும் கதவும் செய்தார். யாரோ போய்ச் சொன்னார்கள். ஆட்கள் வந்து, சுவரை இடித்து, நிலையையும் கதவையும் பெயர்த்துத் தோளில் வைத்துக் கொண்டுபோனார்கள். அதன்பின் அந்த வீட்டுக்குத் தென்னந்தட்டிதான் கதவு. காற்றடிக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிள்ளைகளின் வேலையாக இருந்தது. மைனி தன் பிள்ளைப்பருவத்து மழையை எல்லாம் அந்தத் தட்டியைப் பிடித்துக்கொண்டே கழித்ததாகச் சொன்னாள். "முளையிலே பிடுங்கினா ராஜாவுக்கும் தெரியாது, மரத்துக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுக் கன்றுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மரத்தை வெறுக்கிறவள் என்று அவளை யாரும் எண்ணிவிடக் கூடாது. அவள் வருவதற்கு முன்பும் எங்கள் விளையில் மரங்கள் நின்றன. மேற்கு எல்லையில் ஓர் அயினி, கிழக்கே சில மாமரங்கள், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் இடையே ஒரு பெரிய பலா. எங்கள் பேச்சில் பலாவைப் பிலா என்போம். வருக்கைப் பிலா, சுளை எடுத்தால் கடித்துத் தின்ன வேண்டும், கையில் வழியாது. மைனி வந்தபின் இடைவெளியெல்லாம் நிறைந்தது. எங்கே போனாலும் திரும்பும்போது முந்தியில் ஒரு கொட்டையோ கன்றோ முடிந்துகொண்டு வருவாள். ஆடி மாதத்தில் வயல் வேலை இருக்காது, அரிசி குறைந்துவிடும், ஊரில் பல வீடுகளில் ஒருவேளை அடுப்புதான் எரியும். எங்கள் வீட்டில் அந்தப் பிலா இருந்ததால் வயிறு காய்ந்ததில்லை. பிஞ்சில் கறி, முற்றினால் புழுக்கு, பழுத்தால் பழம், கொட்டையை மண்ணில் புதைத்து வைத்து மழைக்காலம் முழுவதும் சுட்டுத் தின்னலாம். பலாக்காயைச் சக்கை என்போம். அண்டை வீட்டுப் பெண்கள் சக்கை கேட்டு வருவார்கள். மைனி ஒருத்தியையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவர்கள் போனபின் மரத்தடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொள்வாள், பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டதோ என்று பார்ப்பதைப் போல.

அவளால் பிடுங்க முடியாத ராஜமரம் ஒன்று எங்கள் விளையிலேயே நின்றது. வீட்டின் தெற்குப் பக்கம், அடுக்களைக் கதவுக்கு எதிரே ஓர் ஈட்டி. அப்பா காலத்திலேயே அது பெரிய மரம். அதன் அடியில் பட்டையைச் செதுக்கி, சர்க்கார் சுத்தியலால் நம்பர் அடித்திருந்தார்கள். மரங்களைப் பார்த்துப்போக ஒரு காட்டிலாகா கார்டு வருவார். நடுவயது, ஒல்லியான மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மைனி கொடுக்கும் மோரை நின்றபடியே குடித்துவிட்டு, ஈட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். கன்றுகள் ஏன் இந்த விளையில் மட்டும் முளைப்பதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மைனி உண்டானபோதுதான் அந்த ஈட்டி தொந்தரவாயிற்று. எங்கள் வீட்டில் அடுக்களையை விட்டால் ஓர் அறைதான். அண்ணன் தெற்கே ஓர் அறை இழுத்துக் கட்ட ஆசைப்பட்டான். வேறு பக்கம் இடமில்லை. வடக்கே சரிவு, கிழக்கே கிணறு, மேற்கே வழி. தெற்கே கட்டினால் ஈட்டியின் வேரை வெட்டாமல் அஸ்திவாரம் தோண்ட முடியாது. மரத்தை எடுத்துக்கொண்டு போகும்படி சர்க்காருக்கு எழுதிப்போட்டான். பதில் இல்லை. மறுபடியும் எழுதினான். கார்டைக் கேட்டபோது, "மரத்துக்க வெலையை நீங்க கெட்டினா உத்தரவு கிட்டும்," என்றார். தன் நிலத்தில் தன் அப்பா வேலி போட்டுக் காத்த மரத்துக்குத் தானே விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்று அண்ணன் கேட்டான். கார்டு மோரைக் குடித்தார். குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அடுக்களையின் ஓரத்தில் பாய் கட்டி மறைத்துத்தான் பெற்றாள்.

அடுத்த கோடையில் ஈட்டி இலை உதிர்த்தது. மழை வந்தும் துளிர்க்கவில்லை. கார்டு வந்து பார்த்தார். அடிமரத்தில், புதர் மறைத்திருந்த பக்கத்தில், சாணியும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தன. காலால் தட்டியதும் பொருக்கு உதிர்ந்தது. உள்ளே பட்டையைச் சுற்றிலும் உரித்து எடுத்திருந்தது தெரிந்தது. கார்டு அன்று மோர் குடிக்கவில்லை.

அண்ணன்மேல் கேஸ் வந்தது. தான் செய்யவில்லை என்று சத்தியம் செய்தான். எங்களுக்குப் பகையாளிகள் இல்லாமல் இல்லை. அவர்களில் யாரோ செய்த வேலை என்று நானும் நம்பினேன். மைனி என்னைவிட உறுதியாக நம்பினாள். வக்கீல் அவளைச் சாட்சிக்கு அழைத்தார். பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறவள், அவள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால் கேஸ் நிற்காது என்பது அவர் எண்ணம். "கேட்டதுக்கு மட்டும் பதில். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். அதுக்கு மேலே ஒரு வார்த்தை கூடாது," என்று முந்தின நாளே அவளுக்குச் சொல்லி அனுப்பினார்.

தாலுகா கோர்ட்டில் எல்லாம் மலையாளத்தில்தான் நடந்தது. மைனிக்கு அது விளங்கும், ஆனால் பதிலைத் தமிழில்தான் சொன்னாள். கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறியவள், வெறுங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வக்கீல் கேட்டதற்கு, "அவிய அந்த மரத்தைத் தொட்டதை நான் கண்டதில்ல. தொடவும் மாட்டாவ," என்றாள். அதோடு இறங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். சர்க்கார் வக்கீல் எழுந்து, பரிவோடு கேட்பதுபோல, உங்கள் வீட்டில் ராஜமரத்தின்மேல் யாருக்காவது விரோதம் உண்டா என்று கேட்டார்.

"உண்டு," என்றாள் மைனி. "எனக்கு உண்டு."

எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். மைனி நிறுத்தவில்லை. அவள் யாருக்கோ விளக்கம் சொல்லி ஒரு சண்டையைத் தீர்த்துவைப்பவள்போல, அமைதியாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "முளையிலே எத்தனையோ பிடுங்கியிருக்கேன், ஏமானே. அடுப்பிலே இட்டு எரிச்சிருக்கேன். வளந்துபோச்சுண்ணா அது சர்க்காருக்கது, தொடப்பிடாதுண்ணு எனக்குத் தெரியும். அதனாலதான் வளருததுக்கு முந்தியே பிடுங்குகேன். இந்த ஈட்டி வளந்த மரம். வளந்த மரத்தை எங்க வீட்டிலே ஆரும் தொடமாட்டோம்."

உண்மை சொல்கிறவள் சொல்வதை எல்லாமே நம்புவார்கள் என்று அவள் எண்ணியிருந்தாள். முதல் பாதியை நம்பினார்கள். ராஜமரத்தை வளரவிடாத வீடு என்பது அவள் வாயாலேயே நிரூபணமாயிற்று. நிலத்தின் பட்டயம் அண்ணன் பேரில் இருந்ததால் தண்டனை அவனுக்கு. மழைக்காலம் முழுவதும் அவன் ஜெயிலில் இருந்தான். கோர்ட்டிலிருந்து வண்டியில் திரும்பும்போது, குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே மைனி என்னைக் கேட்டாள்: "நான் சொன்னதிலே பொய் எது, தம்பி?" நான் வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் உள்ளே இருக்கும்போது சர்க்கார் ஆட்கள் வந்து காய்ந்த ஈட்டியை வெட்டினார்கள். கொம்புகளைக் கழித்து, தடியைச் சீவி, முகப்பில் புதிய நம்பர் அடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் வழி ஒடுக்கமானது, வண்டி வராது. ஆனை கொண்டுவந்துதான் இழுக்க வேண்டும் என்றார்கள். ஆனை வரும்வரை தடியை அசைக்கக் கூடாது, அதற்கு ஒன்று நேர்ந்தால் வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறை கட்ட நினைத்த அதே இடத்தில், அடுக்களைக் கதவுக்கும் தெற்கு விளைக்கும் குறுக்கே, அந்தக் கருத்த தடி கிடந்தது. சாம்பல் கொட்டப் போனாலும் விறகு எடுக்கப் போனாலும் மைனி அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பேசத் தொடங்கியதும் குழந்தை தினமும் "ஆனை எப்ப வரும்?" என்று கேட்டாள். சில வருஷங்களில் கேட்பதை விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து அண்ணன் விடுதலையாகி வந்தது ஒரு சனிக்கிழமை. நானும் வந்திருந்தேன். மெலிந்துபோயிருந்தான். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தபோது மைனி ஆற்றாமையோடு, "எந்தப் பாவி செஞ்ச வேலையோ, நீங்க போய்க் கெடந்து கஷ்டப்பட்டிய," என்றாள்.

"நான்தாண்டி செஞ்சேன்," என்றான் அண்ணன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "வெட்டுகத்தி வச்சு உரிச்சதும் நான், சாணி பூசினதும் நான். நீ பெத்துக் கெடக்கதுக்கு ஓர் அறை இல்லியேண்ணு செஞ்சேன். வக்கீல் சொன்னதுபோலே தெரியாதுண்ணு சொல்லிட்டு எறங்கியிருந்தா நான் தப்பியிருப்பேன். நீ கோர்ட்டிலே நின்னு என்னைக் காட்டிக்குடுத்தே."

மைனி குழந்தையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். பிறகு, "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேனே," என்றாள்.

"உனக்கிட்ட சொன்னா ஊருக்குச் சொன்னதுபோலத்தான்."

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது என்று சொன்னால் மிகையாகாது. அதன்பின் பேசியதெல்லாம் சோறு, தண்ணீர், குழந்தை. அண்ணன் அடித்ததில்லை, வைததில்லை. அவன் வேறு ஒன்று செய்தான். வந்த மாதமே அயினியை விற்றான். கொளச்சலிலிருந்து வள்ளம் கட்டுகிற ஆட்கள் வந்தார்கள். மரத்தைத் தட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் மைனியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெசனப்படாதீங்க அம்மா, கடலிலே இது நம்மளைவிட நாள் இருக்கும்," என்று சொன்னார். சரி, ஏதோ தேவை, ஜெயிலுக்குப் போனதில் வீடு தளர்ந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். அடுத்த தடவை வந்தபோது கிழக்கே மாமரங்கள் இல்லை; ஓட்டுச் சூளைக்குப் போயிருந்தன. அதன்பின் போனது, மைனி கொட்டை போட்டு வளர்த்து அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பூத்திருந்த சிறிய மாமரம். அதை விற்கக்கூட முடியாது, கைப்பிடிப் பருமன்தான். பூவோடு வெட்டிப்போட்டிருந்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொன்றாக, அவளுக்குப் பிரியமானது எது என்று பார்த்து, பிரியம் குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். பிலாவைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

நான் அவனிடம் போய், "அண்ணே, பிலாவை மட்டும் விட்டுரு," என்று கேட்டேன்.

"பட்டயம் ஆருக்க பேரிலே இருக்கு?"

"உனக்க பேரிலேதான்."

"பொறவு உனக்கு என்ன? ஈட்டியைத் தொட்டதுக்குத்தான் பிடிச்சுக் கொண்டுபோனாவ. இது எனக்கது. இதை வெட்டினா ஆரு வந்து கேப்பாவண்ணு பாக்கேன்."

அவன் சொன்னது சரிதான். யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஒரு மரம் இறந்ததற்காக அவனை ஜெயிலில் போட்ட அதே ராஜ்யத்தில், அவன் ஒரு விளையை முழுவதும் மொட்டையடித்தாலும் கேட்க ஆள் கிடையாது. ஜெயிலில் அவன் கற்றுக்கொண்டு வந்த பாடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. சர்க்கார் தன் மரத்தின்மேல் காட்டிய அதிகாரத்தை அவன் தன் மரங்கள்மேல் காட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைனி குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "தம்பி, எனக்ககூட ஓரிடம் வரை வா," என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. ஆற்றோரமாக நடந்தோம். ஊருக்கு வடக்கே கார்டு தங்கியிருந்த ஓட்டுக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த கார்டு எங்களைக் கண்டதும் எழுந்து துண்டைப் போர்த்திக்கொண்டார். கேஸுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது குறைவு. ஆனையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்று எண்ணி, "மேலே எழுதியிருக்கேன், இன்னும் உத்தரவு வரல்ல," என்றார்.

"அதுக்கு இல்ல, ஏமானே. ஒரு காரியம் செய்துதரணும். எங்க விளையிலே ஒரு பிலா நிக்கு. அதுலே ஒரு நம்பர் அடிச்சுத் தரணும்."

கார்டுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம். "பிலாவிலேயா?"

"ஆமா. ஈட்டியிலே அடிச்சிய இல்லியா, அதே சுத்தியலாலே. ஓரடி போரும். நம்பர் கெடந்தா அவிய தொடமாட்டாவ."

கார்டு சிரித்துவிட்டார். சிரித்தபின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அம்மா, பிலா ராஜமரம் இல்லல்லா. பிலாவுக்குச் சட்டமில்ல. அது உங்களுக்க சொந்த மரம்."

"சொந்தம்ணுதானே வெட்டுகாவ," என்றாள் மைனி.

கார்டு என்னைப் பார்த்தார். "இதிலே நான் ஒண்ணும் செய்ய ஒக்காது," என்றார் கடைசியில். மைனி அவரைத் திட்டவில்லை. தலையை அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ராஜமரத்தின் கன்றுகளை வாழ்நாளெல்லாம் நெருப்பில் போட்ட ஒருத்தி, தன் மரத்தை ராஜமரமாக்கித் தரும்படி கேட்டு ராஜாவின் கடைசிச் சேவகனிடம் போய் நின்றாள். அந்த நடையை நான் இன்றுவரை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

பிலாவை அண்ணன் ஆனி மாதத்தில் வெட்டினான். அடியிலிருந்து உச்சிவரை சக்கை தொங்கிய நேரம். மரவியாபாரியே, "ஒரு மாசம் பொறுத்தா பழம் கிட்டுமே," என்று சொல்லிப் பார்த்தான். அண்ணன் பொறுக்கவில்லை. வாள்காரர்கள் இருபுறமும் நின்று இழுத்தார்கள். மரம் சாய்ந்தபோது முற்றாத சக்கைகள் தெறித்து விளை முழுவதும் உருண்டன. வெட்டுவாயிலிருந்து பால் வழிந்து மண்ணில் வெள்ளையாகப் பரவியது. மைனி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வந்து, உடைந்த சக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அண்டை வீடுகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கொத்தி, தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டுப் புழுக்கு வைத்தாள். உச்சைக்கு அதை அண்ணனுக்குப் பரிமாறினாள். அவன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் அந்த வீட்டில் சாப்பிட முடியாமல் எழுந்துபோனது அந்த ஒரு நாள்தான்.

அதன்பின் விளையில் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு போட்டார்கள். மரச்சீனியின் நிழலில் ஓர் ஆடுகூட நிற்க முடியாது. பகலில் வீடு கொதித்தது. மாசி பங்குனியில் கிணற்றில் சேறு கலங்கிய தண்ணீர் வந்தது. மைனி ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தை ஒட்டி அவளுக்கு இருமல் கண்டது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். மருந்தைவிட ஓய்வு வேண்டும், நல்ல காற்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல காற்றுக்கு அவள் எங்கே போவாள்?

இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்: தனியார் நிலத்து மரங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும், சொந்த மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கச் செய்ய வேண்டும் என்று. வேண்டாம் என்பவர்கள், நிலத்துக்காரனின் கையைக் கட்டினால் அவன் மரமே வைக்கமாட்டான் என்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் என்னிடம் வந்து, பழைய ஆள் நீங்கள், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதுண்டு. சட்டம் இருந்த மரத்தையும் சட்டம் இல்லாத மரத்தையும் ஒரே விளையில் பார்த்தவன் நான். சட்டம் இருந்ததால் முளையிலேயே எரிந்த கன்றுகளுக்குக் கணக்கில்லை. சட்டம் இல்லாததால் ஒரு மனிதனின் வன்மத்துக்கு ஆளான மரங்களும் அதே மண்ணில் நின்றவைதான். அன்றைய சட்டம் மரத்தைக் காக்க வந்ததல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது தடியைக் காத்தது. மரத்தடியில் யார் இருக்கிறார்கள், யார் அதை நம்பி அடுப்பு மூட்டுகிறார்கள் என்று அது கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் ஒரு சட்டம் வருமானால் வரட்டும். ஆனால் பட்டயத்தில் பெயர் இல்லாதவள் வந்து நின்று, இந்த மரத்தை வெட்டாதே என்று சொன்னால், அந்தச் சட்டம் அவள் பேச்சைக் கேட்குமா? இதைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

மைனி இறந்தது ஒரு மாசி மாதத்தில், வெயில் நாளில். எங்கள் பக்கத்தில் இறந்தவரைச் சொந்த விளையின் தெற்குப் பக்கத்தில்தான் எரிப்பது. அதற்கென்று சொந்த விளையிலேயே ஒரு மாமரத்தை வெட்டுவார்கள். ஏழையாக இருந்தாலும் அதற்கு ஒரு மாமரம் எல்லோருக்கும் இருக்கும். கோடாலியோடு வந்த ஊர்க்காரர்கள் முற்றத்தில் நின்று, "எந்த மாவை முறிக்கணும்?" என்று கேட்டார்கள். அவர்கள் மரச்சீனிக்கு மேலே நாலு பக்கமும் பார்த்தார்கள். எல்லைவரை பார்வை தடையில்லாமல் போயிற்று. கடைசியில் கிழக்குவிளைக்காரர், "எனக்க விளையிலே ஒண்ணை முறிச்சுக்கிடுங்க. எத்தனையோ சக்கை தந்த கை," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அவளுக்கு மகன் இல்லை, அண்ணனும் முன்வராததால் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். அடுக்களைப் பக்கமாகத் தெற்கு விளைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த ஈட்டித் தடி வழியை மறித்துக் கிடந்தது. கரையான் அதைத் தொடவில்லை, மழையும் ஒன்றும் செய்யவில்லை, நம்பர் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் பிடித்தவர்களில் ஒருவன், "இதை ரெண்டு பேர் பிடிச்சு உருட்டிவிட்டா நேரே போலாமே," என்றான்.

"தொடாதீங்க," என்றான் அண்ணன். "அது சர்க்காருக்கது."

அவர்கள் பாடையைச் சரித்து, தடியைச் சுற்றிக்கொண்டு மரச்சீனிக்குள் இறங்கிப் போனார்கள். கிழக்குவிளை மாமரம் பச்சையாக இருந்ததால் தீப்பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் நின்று விசிறிக்கொண்டிருந்தோம். நான் திரும்பிப் பார்த்தபோது, தீ பிடிக்கும்வரை நிற்பதற்கு நிழல் எங்கும் இல்லாமல், அண்ணன் அந்தத் தடியின்மேல் வெயிலில் உட்கார்ந்திருந்தான்.